கறுப்பு வெள்ளையில் ஒரு செட்டிநாட்டு வீடு: கேமராவிலிருந்து கம்ப்யூட்டர் வரை

2023 டிசம்பர் மாதம். என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். “இதில் உள்ள போட்டோக்களை எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டார்.

காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் அவருடைய தாத்தா வீடு இருக்கிறது. 2011இல் அவருடைய பெரியப்பா மகன் டிஜிட்டல் கேமராவில் அந்த வீட்டை மூலை முடுக்கு விடாமல் எடுத்திருக்கிறார். அறுநூறு படங்களுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டை அழித்துவிட்டார். 2014இல் அந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. “பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்று பீரோவில் வைத்தவர்கள் ஒன்பது வருடம் கழித்துத்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள்.

அதை என் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. டேட்டா மீட்டுத் தரும் கடையில் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“இப்போது என்ன அவசரம்?” என்று நண்பரிடம் கேட்டேன்.

“பொங்கல் முடிந்ததும் வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள்” என்றார்.

வீட்டில் பதினான்கு பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறது. யாரும் அங்கே குடியிருக்கவில்லை. ஓடு மாற்றவும் ஒழுகலை அடைக்கவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று பல வருடம் பேசியும் முடிவாகவில்லை. கடைசியில் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் கழற்றி விற்றுவிட்டு, மனையைப் பிரித்துக் கொள்வது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு ஒரு சனி, ஞாயிறு கிடைத்தது. அந்த இரண்டு நாளில் கறுப்பு வெள்ளை பிலிமில் அந்த வீட்டை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிய அனுபவம்தான் இந்தக் கட்டுரை. நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய நெகட்டிவ்களை என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

பிஸ்கட் டின்னில் கிடைத்த நெகட்டிவ்

ஊருக்குப் போகும் முன்பு நண்பரின் அப்பத்தாவைப் பார்க்கப் போனோம். ஆச்சி இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டதும் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தார். உள்ளே 1971இல் அந்த வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின் நெகட்டிவ்கள் இருந்தன. தாத்தா தன்னுடைய அக்பா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை. ஒரு ரோலுக்கு 12 படங்கள், சதுர வடிவம். கூடவே ‘இண்டு’ என்று அச்சிட்ட காலி பிலிம் டப்பா ஒன்றும் இருந்தது. இண்டு என்பது ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பிலிம். அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

ஒரு நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வளவும், தூண்களும், பந்தலும் அப்படியே தெரிந்தன. ஐம்பது வருடப் பழைய நெகட்டிவைப் பார்க்க எனக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருடப் பழைய படங்களைப் பார்க்கவோ எந்த மெஷினாலும் முடியவில்லை. கறுப்பு வெள்ளை பிலிமில் எடுப்போம் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

டிஜிட்டல் இருக்கும்போது பிலிம் எதற்கு?

நியாயமான கேள்வி. டிஜிட்டல் கேமராவில் எடுத்து ஒரே கிளிக்கில் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாம். செலவும் குறைவு. படத்தின் தரத்துக்காகப் பிலிம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளித் துகள். சரியாகக் கழுவி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல தலைமுறைக்கு நிற்கும். கட்டடங்களைப் பதிவு செய்பவர்கள் நீண்ட காலமாக இதை நம்பி வந்ததற்கு அதுவே காரணம். மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையை 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் படம் எடுத்தார். அந்தப் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பும் பல பத்தாண்டுகள் பெரிய அளவு கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களையே கேட்டு வாங்கியது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் பிரகாசம் ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பூ வேலைப்பாடே மறைந்து போகும். எனவே தரை, கண்ணாடி ஜன்னல், விதானத்து வர்ணம் ஆகியவற்றை நண்பர் தன் செல்போனில் கலரில் எடுப்பது என்று பேசிக் கொண்டோம்.

முதலில் வீட்டைப் புரிந்து கொள்ளுங்கள்

நகரத்தார் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. வணிகத்துக்காகப் பர்மா, இலங்கை, மலேயா என்று போனவர்கள் அங்கே சம்பாதித்ததை ஊரில் வீடாகக் கட்டினார்கள். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்தன. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம் பிடித்தன.

வீட்டின் அமைப்பு நேர்க்கோட்டில் போகும். முகப்பு, திண்ணை, நிலைவாசல், பிறகு திறந்த முற்றத்துடன் வளவு. வளவைச் சுற்றிச் சிறிய அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதற்குப் பின்னால் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு. அதற்கும் பின்னால் சமையல் நடக்கும் மூன்றாம் கட்டு. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

இந்த வரிசையிலேயே படம் எடுப்பது நல்லது. பிற்காலத்தில் பார்ப்பவர் தெருவிலிருந்து நடந்து உள்ளே வருவது போல இருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நான் கேமராவைத் தொடவில்லை. ஒரு நோட்டில் வீட்டின் படத்தைக் கையால் வரைந்து, எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது என்று 1, 2, 3 என எண் போட்டேன். மொத்தம் 4 ரோல். ஒரு ரோலுக்கு 36 வீதம் 144 படங்கள். பிலிமில் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு என்பதால் இந்தத் திட்டம் அவசியம்.

எடுத்த விதம்

கேமரா அப்பாவுடைய பழைய பென்டாக்ஸ் கே 1000. பிலிம், இல்போர்டு எச்பி5 பிளஸ். இதன் வேகம் 400. வீட்டின் உள்ளே நிழல் அதிகம் என்பதால் கேமராவில் 200 என்று வைத்தேன். இப்படி வைத்தால் பிலிமுக்கு இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இருண்ட மூலைகளும் பதிவாகும். நெகட்டிவில் பதிவாகாத நிழலைப் பிறகு எந்த சாப்ட்வேராலும் கொண்டு வர முடியாது. வெளிச்சம் கொஞ்சம் கூடிப் போனால் சமாளித்துக் கொள்ளலாம். டிஜிட்டல் கேமராவில் இது நேர்மாறு. அங்கே வெளிச்சம் கூடினால்தான் ஆபத்து.

நான் பின்பற்றிய மற்ற விஷயங்கள்:

1. டிரைபாட் கட்டாயம் வேண்டும். கேமராவை மேலே நிமிர்த்தாமல் நேராக வைக்க வேண்டும். நிமிர்த்தினால் தூண்கள் உச்சியில் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்வது போல விழும். முகப்பு உயரமாக இருந்ததால் எதிர்வீட்டு மாடியில் அனுமதி கேட்டு நின்று எடுத்தேன்.

2. உச்சி வெயிலில் வளவை எடுக்க வேண்டாம். முற்றம் வெள்ளையாகவும், சுற்றியுள்ள அறைகள் கறுப்பாகவும் போய்விடும். காலை ஏழிலிருந்து எட்டரை வரை வெளிச்சம் மேல் சுவரில் பட்டு மெதுவாகக் கீழே இறங்குகிறது. முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு அப்போதுதான் பளபளப்பாகத் தெரியும்.

3. அறைகளுக்குள் மீட்டர் வேலை செய்யாத அளவு இருட்டாக இருந்தால் லென்ஸை முழுவதும் திறந்து அளக்கவும். உதாரணமாக எப்/2இல் 1/8 வினாடி என்று காட்டினால், எப்/11க்கு 5 ஸ்டாப் வித்தியாசம். அதாவது 32 மடங்கு. ஆக, 4 வினாடி. ஆனால் நீண்ட நேரத்தில் பிலிமின் வேகம் குறைந்துவிடும் என்பதால் இந்தப் பிலிமுக்கு 6 வினாடி கொடுக்க வேண்டும். 10 வினாடி என்று வந்தால் 20 வினாடி.

4. வெளிப்புறப் படங்களுக்கு மஞ்சள் பில்டர் போட்டேன். நீல வானம் சற்றுக் கறுத்து, முகப்புச் சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும்.

5. ஒவ்வொரு படத்துக்கும் ரோல் எண், பட எண், இடம், நேரம் ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். டிஜிட்டல் கேமரா தேதியையும் நேரத்தையும் பைலுக்குள்ளேயே எழுதிவிடும். பிலிம் அப்படிச் செய்யாது. ஸ்கேன் செய்யும்போது உங்கள் கம்ப்யூட்டர் காட்டுவது ஸ்கேன் செய்த தேதியைத்தான்.

மூன்றாவது ரோல்

சென்னைக்கு வந்து பிலிம்களை வீட்டுக் குளியலறையிலேயே கழுவினேன். மருந்து கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டு வர, டேங்க்கைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு ரோல்கள் நன்றாக வந்தன. மூன்றாவது ரோலை வெளியே எடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை கண்ணாடி போல இருந்தது. ஒரு படம்கூட இல்லை.

தவறு என்னுடையது. அவசரத்தில் பிலிமின் நுனி கேமராவுக்குள் உள்ள சுற்றும் அச்சில் மாட்டவில்லை. பிலிம் நகரவே இல்லை. கவுண்டர் மட்டும் 1, 2, 3 என்று ஓடியிருக்கிறது. நான் 36 படம் எடுத்ததாக நினைத்துக் கொண்டிருந்தேன். பிலிம் கேமராவில் இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடது பக்கம் உள்ள ரீவைண்ட் கைப்பிடி தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை என்று அர்த்தம். எனக்கு இது தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

அந்த ரோலில் இருக்க வேண்டியது இரண்டாம் கட்டு முழுவதும்.

நோட்டைப் புரட்டிப் பார்த்து நண்பருக்குப் போன் செய்தேன். விடுமுறை கேட்டு, ஆட்களிடம் பேசி, நாங்கள் மீண்டும் போய்ச் சேர்ந்தபோது 2024 ஜனவரி மூன்றாவது வாரம் முடிந்துவிட்டது. முகப்பு அப்படியே இருந்தது. இரண்டாம் கட்டில் ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். கஜலட்சுமி செதுக்கிய நிலை, கதவுடன் லாரியில் போய்விட்டது. சுவரில் நிலை இருந்த இடம் சதுரமாகத் திறந்து கிடந்தது. நண்பர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டில் அவர் செல்போனில் எடுத்த கலர் படங்கள் இருக்குமே என்று கேட்டேன். போனில் இடமில்லை என்று அழித்துவிட்டாராம். தங்கைக்கு மெசேஜில் அனுப்பிய ஒன்பது படங்கள் மட்டும் இருந்தன. மெசேஜில் போகும்போது சுருங்கியதால் நீளப் பக்கமே 1600 பிக்சல்தான். நிலை தெரிகிறது. அதில் செதுக்கியது என்ன என்று தெரியவில்லை.

ஸ்கேன் செய்வது எப்படி?

இனி கம்ப்யூட்டர் வேலைக்கு வருவோம்.

காகிதம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனர் நெகட்டிவுக்குப் பயன்படாது. மூடியிலும் விளக்கு உள்ள, பிலிம் ஸ்கேன் வசதி கொண்ட ஸ்கேனர் வேண்டும். அது இல்லாவிட்டால் வெள்ளை லைட் பாக்ஸ் மேல் நெகட்டிவை வைத்து, நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் உள்ள டிஜிட்டல் கேமராவில் எடுக்கலாம். லைட் பாக்ஸும் இல்லையென்றால் லேப்டாப்பின் வெள்ளைத் திரையைப் பயன்படுத்தலாம். ஆனால் நெகட்டிவைத் திரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் பிக்சல் புள்ளிகள் படத்தில் விழும்.

ரெசல்யூஷன்: புதியவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. ஆவணங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து பழகியிருப்பீர்கள். அதே 300ஐ நெகட்டிவுக்கு வைத்தால் என்ன ஆகும்? 35 எம்எம் படத்தின் நீளம் 36 மில்லிமீட்டர். அதாவது 1.4 அங்குலம். 300 டிபிஐயில் சுமார் 425 பிக்சல்தான் கிடைக்கும். பிரிண்ட் போட்டால் தபால் தலை அளவு வரும். 2400 டிபிஐ வைத்தால் 3400க்கு 2270 பிக்சல். இதை 11 அங்குல நீளத்துக்கு நல்ல பிரிண்ட் போடலாம். ஸ்கேனர் பெட்டியின் மேல் 6400, 9600 என்று எழுதியிருப்பார்கள். வீட்டு ஸ்கேனர்களில் 2400லிருந்து 3200க்கு மேல் போனால் பைல் பெரிதாகுமே தவிர, படத்தில் புதிதாக ஒன்றும் தெரியாது.

நிற ஆழம்: ‘16 பிட் கிரேஸ்கேல்’ என்பதைத் தேர்வு செய்யவும். 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். 16 பிட்டில் 65,536. பிறகு நிழலை வெளுப்பாக்கும்போது 8 பிட் படத்தில் திட்டுத் திட்டாக வரும். 16 பிட்டில் வராது. 2400 டிபிஐ, 16 பிட்டில் ஒரு படம் சுமார் 15 எம்பி. நல்லபடியாக வந்த 108 படங்களும் சேர்ந்து 1.7 ஜிபிக்குள் அடங்கிவிட்டன.

தூசி நீக்கும் வசதி: பல ஸ்கேனர்களில் ‘டிஜிட்டல் ஐஸ்’ போன்ற பெயரில் தானாகத் தூசி, கீறல் நீக்கும் வசதி இருக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு இதை அணைத்துவிடவும். இது அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எங்கே தடை படுகிறதோ அங்கே தூசி என்று முடிவு செய்யும் முறை. கலர் பிலிமின் சாயத்தில் கதிர் தாராளமாகப் போகும். கறுப்பு வெள்ளையில் இருக்கும் வெள்ளித் துகளோ கதிரைத் தடுத்துவிடும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஸ்கேன் செய்யும் முன் நெகட்டிவை ஊதுகுழாய் பம்ப்பால் ஊதிவிடுவதுதான் நல்ல வழி. வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

வினிகர் வாடை வருகிறதா?

பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முகர்ந்து பாருங்கள். வினிகர் போல வாடை வந்தால், பிலிமின் அடிப்பொருள் சிதையத் தொடங்கிவிட்டது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் இதைத் துரிதப்படுத்தும். ஒரு நெகட்டிவிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும். வாடை வருபவற்றைத் தனியே பிரித்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். இறுக மூடிய டின்னில் வைக்காமல், தனித்தனிக் காகித உறையில் வைத்து, உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். ஆச்சியின் டின்னில் இரண்டு நெகட்டிவ்களுக்கு இந்த வாடை வந்திருந்தது.

அந்த டின்னில் இருந்தவற்றையும் 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். சதுர நெகட்டிவ் பெரியது என்பதால் ஒரு பக்கத்துக்கு 5,000 பிக்சலுக்கு மேல் கிடைத்தது. ஒரு படத்தில் பந்தி நடக்கிறது. இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சாம்பார் வாளியுடன் குனிந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், முற்றத்து வெயில் படும் இடத்தில், இரண்டாம் கட்டின் நிலை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கஜலட்சுமியின் இரண்டு பக்கமும் உள்ள யானைகளும், கீழே ஓடும் கொடியும் எண்ணிவிடக் கூடிய அளவுக்குத் தெரிந்தன. ஒரு யானையை மட்டும் சாம்பார் பரிமாறுபவரின் தலை மறைக்கிறது.

தாத்தா எடுக்க நினைத்தது பந்தியை. நான் எடுக்க நினைத்த நிலை என்னிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது.

படத்தைத் திருத்தும்போது

இலவசமாகக் கிடைக்கும் ‘கிம்ப்’ புரோகிராமே போதும். 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 பிட் படங்களை அப்படியே கையாளுகிறது.

1. ஸ்கேனர் நெகட்டிவாகவே கொடுத்திருந்தால், ‘கலர்ஸ்’ மெனுவில் ‘இன்வர்ட்’ கொடுக்கவும். கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் மாறும்.

2. அதே மெனுவில் ‘லெவல்ஸ்’ தேர்வு செய்யவும். மலை போல ஒரு வரைபடம் வரும். இரண்டு ஓரத்திலும் உள்ள முக்கோணங்களை மலையின் அடிவாரம் வரை மட்டும் நகர்த்தவும். மலைக்குள் புகுந்தால் நிழலோ வெளிச்சமோ வெட்டுப்பட்டுவிடும்.

3. தூண்கள் சாய்ந்திருந்தால் ‘பெர்ஸ்பெக்டிவ்’ கருவியால் நிமிர்த்தலாம். கொஞ்சம்தான் நிமிர்த்த வேண்டும். அதிகமானால் வீடு உயரமாகிவிடும்.

4. தூசியைத் துடைக்கலாம். ஆனால் சுவரின் விரிசலையும் ஈரக் கறையையும் துடைக்காதீர்கள். அவை வீட்டில் உண்மையாக இருந்தவை.

முக்கியமான விஷயம். இவற்றை எல்லாம் ஒரு காப்பியில் செய்யுங்கள். முதலில் ஸ்கேன் செய்த பைலை ‘மூலம்’ என்ற போல்டரில் டிப் பைலாக வைத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக் போதும். ஆனால் ஜேபெக் பைலைத் திறந்து, திருத்தி, மறுபடி சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

பெயரும் காப்பியும்

ஸ்கேனர் தானாக வைக்கும் ‘இமேஜ் 001’ என்ற பெயரால் ஒரு பயனும் இல்லை. நான் வைத்த பெயர்கள் இப்படி இருக்கும்: ‘2023-12_ரோல்2_படம்14_வளவு_வடக்குப்பக்கம்’. வருடத்தை முதலில் எழுதினால் கம்ப்யூட்டர் தானாக வரிசைப்படுத்திவிடும். 1971 படங்களுக்கு ஆச்சியிடம் கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதினேன். அவரைத் தவிர அந்த முகங்களைத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை.

கடைசியாகக் காப்பி. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இதுதான் விதி. எங்கள் படங்கள் என் கம்ப்யூட்டரில் ஒன்று, நண்பர் வீட்டில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று இருக்கின்றன. நெகட்டிவ் தனி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாலைந்து பைல்களைத் திறந்து பார்க்கிறேன். பீரோவில் வைத்துப் பூட்டிய ஹார்ட் டிஸ்க் ஒன்று மட்டும் இருந்தால் அதைக் காப்பி என்று நினைக்காதீர்கள்.

பிலிம்தான் உயர்ந்தது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. எங்கள் கதையில் டிஜிட்டல் ஒரு முறை கைவிட்டது, பிலிம் ஒரு முறை கைவிட்டது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான். ஒரே ஒரு பிரதியை நம்பியிருந்தோம். அந்த இரண்டாம் கட்டை நான் டிஜிட்டல் கேமராவிலும் சேர்த்து எடுத்திருந்தால் இன்று அது முழுமையாக இருந்திருக்கும்.

படங்களை எல்லாம் ஏற்றிய பிறகு லேப்டாப்பை ஆச்சியிடம் கொண்டு போனோம். தெருவிலிருந்து தொடங்கி வரிசையாக நகர்த்தினேன். திண்ணை, நிலைவாசல், வளவு வந்தது. “மெதுவாத் தள்ளுங்க தம்பி” என்றார். தான் கல்யாணமாகி வந்ததும் இருந்த அறை எது என்று விரலால் காட்டினார். அடுத்து மூன்றாம் கட்டு வந்தது. “நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சே?” என்று கேட்டார். பந்திப் படத்தைத் திறந்து காட்டினேன். நிலையைப் பார்க்கவில்லை. இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நண்பர் நோட்டை எடுத்து எழுதிக் கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். அது செட்டிநாட்டு வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டு வீடு, பள்ளிக்கூடம், கடைத் தெரு எதுவாக இருந்தாலும் சரி. இந்த வாரமே டின்னை இறக்கி, முகர்ந்து பார்த்து, ஒரு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு 2400 டிபிஐயில் ஒரே ஒரு படத்தை மட்டும் ஸ்கேன் செய்து பழகுங்கள். பெயர் எழுதும்போது வீட்டில் உள்ள பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ள மறக்காதீர்கள்.